வந்த ஆஃபரை ஏஜென்ட் நம்மகிட்ட சொல்லாம விடலாமா? செத்தாப்பாக் வீடு விக்கிற விஷயம்

செத்தாப்பாக் மகள்:

வணக்கம். வீடு வித்த அனுபவம் உள்ளவங்க, ஏஜென்ட் வேலையில இருக்கிறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க, அவசரம்.

அம்மா பேர்ல இங்க கோலாலம்பூர் செத்தாப்பாக்ல ஒரு சிங்கிள் ஸ்டோரி லிங்க் வீடு (வரிசை வீடு) இருக்கு, பிரீஹோல்ட், லோன் எல்லாம் அப்பா இருக்கும்போதே கட்டி முடிச்சாச்சு. அம்மா இப்ப எங்களோட ரவாங்ல இருக்காங்க, வீடு பூட்டியே கிடக்கு, அதான் வித்துடலாம்னு ஒரு ஏஜென்ட்கிட்ட கொடுத்தோம். 6 லட்சம் வெள்ளினு (ரிங்கிட்) விளம்பரம் போட்டாரு. நம்ம ஆளுதான், போர்டுல பதிஞ்சவங்க போடுற சிவப்பு டேக் எல்லாம் இருக்கு, அம்மாகிட்ட ரொம்ப மரியாதையா பேசுவாரு, வரும்போதெல்லாம் பழம் வாங்கிட்டு வருவாரு, அம்மாவுக்கு அவர் மேல அப்படி ஒரு நம்பிக்கை.

போன வாரம் ஒரு ஆஃபர் கொண்டுவந்தாரு, 560 ஆயிரம். இன்னைக்கே சைன் போடுங்கம்மா, மார்க்கெட் டல்லா இருக்கு, இந்த ஆளை விட்டா அடுத்த ஆளு எப்ப வருவான்னு தெரியாதுனு ஒரே அவசரம். நான்தான் கொஞ்சம் யோசிச்சு சொல்றோம்னு நிறுத்தி வச்சேன். அதுக்குள்ள பக்கத்து வீட்டு ஆண்டி போன் பண்ணாங்க. அவங்களுக்குக் கோயில்ல பழக்கமான ஒரு புருஷன் பொண்டாட்டி, வேற ஒரு ஏஜென்ட் மூலமா நம்ம வீட்டைப் பாத்துட்டு 585 ஆயிரத்துக்கு ஆஃபர் எழுதிக் கொடுத்திருக்காங்க, அதுக்கு நம்ம ஏஜென்ட் "வீடு புக் ஆயிருச்சு"னு சொல்லி அனுப்பிட்டாராம். புக் ஆகவே இல்லைங்க! அம்மா இன்னும் எதுலயும் சைன் போடல.

நான் அவர்கிட்ட கேட்டுட்டேன். "அந்த ஆஃபர் சீரியஸ் இல்லக்கா, அவங்களுக்கு லோன் கிடைக்காது, உங்க நேரத்தை ஏன் வீணாக்கணும்னுதான் சொல்லல"ங்கிறாரு. அம்மாவும் "அந்தத் தம்பி நமக்கு நல்லதுதான் பண்ணுவான்"னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. லோன் கிடைக்குமா கிடைக்காதானு முடிவு பண்றது அவர் வேலையா? இது சட்டப்படி தப்பா, இல்ல எல்லாரும் இப்படித்தான் செய்றாங்களா? இப்ப நாங்க என்ன செய்யணும்?

பட்டர்வொர்த் ஏஜென்ட்:

தங்கச்சி, நான் பினாங்குல ரொம்ப வருஷமா ரிஜிஸ்டர் பண்ண எஸ்டேட் ஏஜென்ட். முதல்ல ஒண்ணு, அம்மா சைன் போடாம நிறுத்துனீங்க பாருங்க, அது நல்ல வேலை.

உங்க கேள்விக்கு நேரா பதில்: மறைக்கக் கூடாது. ஏஜென்ட் உங்க அம்மாவோட ஆளு, அவங்க கொடுத்த அதிகாரத்துல அவங்களுக்காகப் பேசுறவரு. வாங்க வர்றவன் காசு கம்மியா சொன்னாலும், கண்டிஷன் ஏடாகூடமா போட்டாலும், வேற கம்பெனி ஏஜென்ட் மூலமா வந்தாலும், எழுத்துல வந்த ஆஃபர் எல்லாத்தையும் தாமதிக்காம ஓனர் கையில கொடுக்கணும். வேணும் வேணாம்னு சொல்றது ஓனர் மட்டும்தான். லோன் கிடைக்காதுனு அவருக்கு சந்தேகம் இருந்தா அதையும் சேத்துச் சொல்லலாம், சொல்லவும் வேணும், அதுக்குத்தான் கமிஷன் வாங்குறோம். "அம்மா, 585க்கு ஒண்ணு வந்திருக்கு, ஆனா வாங்குறவங்க லோன் விஷயம் எனக்கு இப்படித் தெரியுது, காரணம் இது"னு சொல்லிட்டு ஒதுங்கி நிக்கணும். கருத்து சொல்லலாம், கதவைப் பூட்ட முடியாது.

சட்டம் கேட்டீங்க. நம்ம தொழிலுக்கு 1981ஆம் வருஷத்து சட்டம் 242 இருக்கு, ஏஜென்டுகளைப் பதிஞ்சு கண்காணிக்கிற எல்பிபிஇஎச்னு சொல்ற போர்டு அதுக்குக் கீழதான் வருது, போர்டே வெளியிட்ட தொழில் ஸ்டாண்டர்ட்ஸும் இருக்கு. அதுக்கும் மேல 1950ஆம் வருஷத்து காண்ட்ராக்ட்ஸ் ஆக்ட்ல ஏஜென்சிக்குனே ஒரு பகுதி இருக்கு. அதுல பிரிவு 164, 165 ரெண்டும் முதலாளி (இங்க வீட்டு ஓனர்) சொன்னபடி, திறமையாவும் அக்கறையாவும் வேலை செய்யணும்னு சொல்லுது. 167 சிக்கல் வந்தா முதலாளியைத் தொடர்புகொண்டு என்ன செய்யலாம்னு கேக்கணும்னு சொல்லுது. 173 இன்னும் முக்கியம், தப்பா நடந்துக்கிட்ட ஏஜென்டுக்கு அந்த வேலைக்கான கூலி கேக்க உரிமை இல்ல. இதெல்லாம் எங்க பரீட்சையில வர்ற விஷயம், தெரியாதுனு யாரும் சொல்ல முடியாது.

இப்ப ஏன் இப்படி நடக்குதுனு சொல்றேன், இதைப் புரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு எல்லாம் வெளிச்சமாயிரும். கமிஷன் அதிகபட்சம் 3%, அதுக்கு மேல 8% எஸ்எஸ்டி வரி, அதை இப்போதைக்கு விடுங்க. 560 ஆயிரத்துக்குத் தன் சொந்த ஆளுக்கு வித்தா கமிஷன் 16,800 வெள்ளி, முழுசா அவர் கம்பெனி பக்கமே வரும். 585 ஆயிரத்துக்கு வித்தா 17,550, ஆனா வாங்குறவங்களைக் கொண்டுவந்தது வேற ஏஜென்ட், அதனால கோ புரோக், அதாவது ரெண்டு ஏஜென்டும் கமிஷனைப் பங்கு போடணும், பாதி பாதினு வச்சாலும் இவருக்கு 8,775தான். ஆக, உங்களுக்கு நல்ல விலை கொண்டுவந்தா அவருக்கு 8,025 வெள்ளி நட்டம். உங்க அம்மா பக்கம் பாருங்க, கமிஷன் கழிச்சுப் பாத்தா 585ல கைக்கு வர்றது 567,450, 560ல 543,200. வித்தியாசம் 24,250 வெள்ளி. அவர் 8 ஆயிரத்தைக் காப்பாத்திக்க உங்க அம்மாவோட 24 ஆயிரம் போகுது. அவர் மனசுல இந்தக் கணக்கு இருந்துச்சா இல்லையானு நான் சொல்ல முடியாது, ஆனா இந்தக் கணக்கு இருக்கிற இடத்துல வாயை மூடிக்கிட்டு இருக்கிறது பெரிய தப்பு. பழம் வாங்கிட்டு வர்றது வேற, விசுவாசம் வேற தங்கச்சி.

இன்னொண்ணு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. அந்த 560 ஆளு யாரு? ஏஜென்டுக்கு சொந்தமா, பார்ட்னரா, பழைய கஸ்டமரா? ஏஜென்ட் தானே வாங்குறாரு, இல்ல தன் ஆளுக்கு வாங்கிக் கொடுக்கிறாருனா அதை முன்னாடியே ஓனர்கிட்ட திறந்து சொல்லி சம்மதம் வாங்கணும். முக்கியமான விஷயத்தை மறைச்சு தன் கணக்குக்கே வாங்கினா அந்த டீலையே ஒத்துக்க மாட்டேன்னு சொல்ல ஓனருக்கு வழி இருக்கு, அது அதே காண்ட்ராக்ட்ஸ் ஆக்ட் 168ல வரும்.

சிவப்பு டேக்னா உங்க ஆளு நெகோஷியேட்டர், அதாவது ரிஜிஸ்டர்ட் ஏஜென்டுக்குக் கீழ வேலை செய்றவரு, அவர் மேல ஒரு ரிஜிஸ்டர்ட் ஏஜென்ட் கண்டிப்பா இருப்பாரு. சிவப்பு டேக் போட்டவங்க எல்லாம் ஒரு கம்பெனிக்குக் கீழதான் வேலை செய்ய முடியும், அவங்க செய்றதுக்கு அந்த ஏஜென்ட்தான் பொறுப்பு. அவருக்கு நேரா எழுதுங்க. போன்ல பேசாதீங்க, எழுதுங்க.

கெப்போங் பையன்:

அண்ணே நீங்க சொன்னது எல்லாம் சரிதான், ஆனா நானும் நெகோஷியேட்டர்தான், எங்க பக்கமும் கொஞ்சம் சொல்லணும்ல. எங்களுக்கு பேசிக் சம்பளம் கிடையாது, விளம்பரக் காசு நம்ம பாக்கெட்லேர்ந்து போகுது, வீட்டைக் காட்ட செத்தாப்பாக்கும் செந்தூலுமா ஓடுறோம், பெட்ரோல், டோல் எல்லாம் நம்மளுது, கடைசில வேற ஒருத்தன் வந்து ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து பாதி கமிஷன் எடுத்துட்டுப் போவான். வயிறு எரியும்ணே, உண்மையா சொல்றேன்.

அப்புறம் ஓனர்ங்க. 6 லட்சம் வீட்டுக்கு ஒருத்தன் 450 ஆயிரம்னு ஆஃபர் போடுவான், அதைக் கொண்டுபோய்க் காட்டுனா "இதெல்லாம் ஒரு ஆஃபரா, என் வீட்டை என்னனு நினைச்ச"னு நம்மளைத்தான் திட்டுவாங்க. ஒரு அங்கள் என்கிட்ட நேரா சொன்னாரு, 580க்குக் கீழ எதுவும் என்கிட்ட கொண்டுவராத தம்பினு. அப்ப நான் கொண்டுபோகலாமா வேணாமா? அதுக்கும் சேத்து சொல்லுங்க.

ஆனா இந்த அக்கா விஷயத்துல நடந்தது வேற, 585ஐ மறைச்சுட்டு 560ஐ நீட்டினது. அதுக்கு என்னால சப்போர்ட் பண்ண முடியாது. புக் ஆகாத வீட்டை புக் ஆயிருச்சுனு இன்னொரு ஏஜென்ட்கிட்ட சொல்றது பச்சைப் பொய், அவங்க ஆஃபர் எழுதி 2% முன்பணச் செக்கும் தயாரா வச்சிருப்பாங்க.

பட்டர்வொர்த் ஏஜென்ட்:

தம்பி, நல்ல கேள்வி. ஓனர் தானே "இந்த விலைக்குக் கீழ வேணாம்"னு சொன்னா அது அவர் உத்தரவு, கேக்கலாம். ஆனா அதை வாட்ஸ்அப்லயாச்சும் எழுத்துல வாங்கி வச்சுக்கணும், அப்பப்போ திரும்பக் கேக்கணும், ஏன்னா மனுஷன் மனசு மாறும். போன மாசம் 580க்குக் கீழ வேணாம்னு சொன்னவரு, மகளுக்கு யுனிவர்சிட்டி பீஸ் கட்டணும்னா இந்த மாசம் 565க்கும் சரிம்பாரு, நீ அவர் பேச்சை வச்சுக்கிட்டே 570ஐத் திருப்பி அனுப்பினா அவருக்குத்தான் நட்டம். நான் என் ஆளுங்களுக்குச் சொல்றது இதுதான்: 450 வந்தாலும் ஒரு வரி அனுப்பு. "ஐயா, 450க்கு ஒண்ணு வந்துச்சு, நீங்க சொன்ன விலைக்குக் கீழ, வேணாம்னு சொல்லவா?" அவ்வளவுதான். திட்டுவாங்கனு பயந்து ஓனர் முடிவை நம்ம எடுக்கக் கூடாது.

கோ புரோக் வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும். அதுக்கு மருந்து எக்ஸ்க்ளூசிவ் லிஸ்டிங், அதாவது ஓனர் ஒரே ஏஜென்ட்கிட்ட மட்டும் வீட்டைக் கொடுக்கிறது. ஓனர்கிட்ட எழுத்துல வாங்கி, காலக்கெடு போட்டு, மார்க்கெட் பண்ற செலவுக்கு ஒரு பாதுகாப்பு வச்சுக்கோ. கோ புரோக் ரேட்டை முன்னாடியே பேசி வச்சுக்கோ. வந்த ஆஃபரைப் பதுக்கி வைக்கிறது மட்டும் ஒரு நாளும் வழி இல்ல.

பாயான் பாரு அண்ணன்:

நான் வாங்குற பக்கத்துல இருந்து சொல்றேன், இந்த விஷயம் படிச்சதும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. நாங்க பாயான் பாருல ஒரு அபார்ட்மெண்ட் பாத்தோம், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் பக்கம், பாலத்துக்கும் பக்கம், வீட்டுக்காரிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆஃபர் எழுதிக் கொடுத்தோம், கேட்ட விலைக்கே. ஏஜென்ட் "ஓனர் யோசிக்கிறாரு"னு சொன்னாரு, அப்புறம் "வேற ஒருத்தர் கூடக் கொடுக்கிறாரு, நீங்க இன்னும் ஏத்துங்க"னாரு, ஏத்தினோம், அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு வித்த விலை எல்லாம் வர்ற வெப்சைட்ல பாத்தா அந்த பிளாக்ல அதே மாடி, அதே சைஸ் யூனிட்டு நாங்க கொடுத்ததை விடக் குறைஞ்ச விலைக்குப் போயிருக்கு. அந்த ஓனர் பாவம், எங்க ஆஃபர் அவர் கண்ணுக்கே போய்ச் சேரலனு எனக்கு இன்னிக்கும் தோணுது. அந்த ஓனரை எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா நேரா போய்ச் சொல்லியிருப்பேன்.

அதனால அக்கா, அந்த ஆண்டி உங்களுக்கு போன் பண்ணது பெரிய உதவி. அந்த புருஷன் பொண்டாட்டியும் உங்களை மாதிரிதான், வீடு கிடைக்கலனு எங்கயோ உக்காந்து வருத்தப்பட்டுட்டு இருப்பாங்க. இன்னொரு ஆளு கூடக் கொடுக்கிறான்னு இல்லாத ஆளைச் சொல்லி ஏத்துறதும் இதே வகைதான்ணே, அதையும் நீங்க எழுதணும். வாங்குறவன் ஏஜென்டோட முதலாளி இல்லதான், ஆனா அவன்கிட்ட பொய் சொல்லலாம்னு யாரும் லைசென்ஸ் கொடுக்கல.

பட்டர்வொர்த் ஏஜென்ட்:

சரியா சொன்னீங்க. இல்லாத ஆஃபரைச் சொல்லக் கூடாது, இருக்கிற ஆஃபரோட விலையையும் ஓனர் சம்மதம் இல்லாம வெளியில விடக் கூடாது. ரெண்டு பேர் நிஜமாவே இருந்தா, ஓனரைக் கேட்டுக்கிட்டு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி "இன்னொரு ஆஃபரும் இருக்கு, உங்களோட கடைசி விலையையும் கண்டிஷனையும் இந்தத் தேதிக்குள்ள எழுத்துல கொடுங்க"னு சொல்லணும். ஒருத்தருக்கு மட்டும் காதுல ஊதிட்டு இன்னொருத்தரை இருட்டுல வச்சா அது ஓனருக்கும் நல்லது இல்ல, ஏன்னா இருட்டுல இருக்கிறவன்தான் கூடக் கொடுத்திருப்பான்.

பிரிக்பீல்ட்ஸ் லோயர் ஆபீஸ்:

நான் வழக்கறிஞர் இல்ல, லோயர் ஆபீஸ்ல வீடு வாங்குற விக்கிற பைல் பாக்கிற கிளார்க், தினம் இதுதான் வேலை. மேல அண்ணன் சொன்னதோட சேத்து, 585ங்கிற நம்பரை மட்டும் பாத்து குதிச்சுடாதீங்கக்கா, ஆஃபர்ல விலை ஒரு பகுதிதான். ரெண்டு ஆஃபரையும் பேப்பராவே கேட்டு வாங்குங்க. ஏஜென்டோட வாய்ச் சுருக்கம் வேணாம், அந்த ஃபார்மே வேணும்.

அதுல முதல்ல பாக்க வேண்டியது லோன். 585 ஆளுங்க 90% லோன் நம்பி வர்றாங்களா? அவங்க பேர்ல ஏற்கனவே ரெண்டு வீட்டு லோன் இருந்தா மூணாவதுக்கு பேங்க் 70% வரைக்கும்தான் கொடுக்கும், அந்த ரூல் 2010லேர்ந்து இருக்கு. இது அவங்களுக்கு முதல் வீடுனா பிரச்சினை கம்மி. அடுத்தது பேங்க் வேல்யுவேஷன். பேங்க் போடுற மதிப்பு 560னு வந்தா லோன் அந்த 560 மேலதான் கணக்கு, மிச்ச 25 ஆயிரத்தை வாங்குறவங்க கையிலிருந்து போடணும். அந்தக் காசு இருக்கானு கேக்கிறது தப்பு இல்ல. ஏஜென்ட் இதைத்தான் விசாரிச்சு உங்ககிட்ட சொல்லியிருக்கணும், லோன் கிடைக்காதுனு தானே தீர்ப்பு எழுதிட்டாரு.

560 ஆளு காஷ்னா அதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு, மறுக்க முடியாது. லோன் ரிஜெக்ட் ஆகி மாசக்கணக்குல இழுக்கிற பைல்களை நான் பாத்திருக்கேன், வித்தவங்க திரும்ப முதல்லேர்ந்து ஆளைத் தேடணும். ஆனா அந்த நிம்மதிக்கு 24 ஆயிரம் வெள்ளி கொடுக்கலாமானு அம்மாதான் சொல்லணும்.

சாதாரணமா நம்ம ஊர்ல 2% எர்னஸ்ட் டெபாசிட் (முன்பணம்) கட்டி ஆஃபர் போடுவாங்க, எஸ்பிஏ (விற்பனை ஒப்பந்தம்) சைன் போடும்போது மிச்ச 8% சேத்து 10% ஆகும், அப்புறம் மிச்சக் காசு கட்ட 3 மாசம், முடியலனா வட்டியோட இன்னும் 1 மாசம், வட்டி பெரும்பாலும் வருஷத்துக்கு 8% கணக்கு. அந்த 2% காசு ஏஜென்ட் கம்பெனியோட கிளையண்ட் அக்கவுண்ட்ல இருக்கணும், இல்ல லோயர்கிட்ட ஸ்டேக்ஹோல்டரா, அதாவது ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இருக்கணும். நெகோஷியேட்டரோட சொந்த அக்கவுண்ட்ல போடச் சொன்னா அங்கயே நிறுத்திடுங்க.

ரொம்ப முக்கியமா ஒண்ணு. அம்மா ஒரு தடவை சைன் போட்டுட்டா நிலைமை மாறிடும். நிறைய ஃபார்ம்ல, ஓனர் ஏத்துக்கிட்டு அப்புறம் பின்வாங்கினா வாங்கின டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து, அதே அளவு காசு இன்னொரு மடங்கு நஷ்ட ஈடா கொடுக்கணும்னு எழுதியிருக்கும். 560ல 2%னா 11,200 வெள்ளி. அதனாலதான் "இன்னைக்கே சைன்"ங்கிற அவசரம் ஆபத்து. அந்த 585 ஆஃபர் சைன் போட்ட மறுநாள் தெரியவந்திருந்தா அம்மா கை கட்டிப்போட்ட மாதிரி நின்னிருப்பாங்க. நல்லவேளை.

இன்னொரு விஷயம் மனசுல உறுத்துது, சொல்லிடுறேன். கிராண்ட்ல (வீட்டுப் பத்திரத்துல) அம்மா பேரு, அதனால சைன் அவங்கதான் போடணும், நீங்க அம்மாவுக்காகப் போட முடியாது, பவர் ஆஃப் அட்டர்னி இருந்தாத்தான். ஃபார்ம் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், இல்ல மலாய்ல. எங்க ஆபீஸுக்கு வர்ற எத்தனையோ வயசானவங்க என்ன எழுதியிருக்குனு தெரியாமலே ஏஜென்ட் விரல் காட்டின இடத்துல சைன் போட்டுட்டு வந்திருப்பாங்க. கேட்டா "தம்பி சொன்னாரு, போட்டேன்"ம்பாங்க. அவங்களுக்குப் புரியுற பாஷையில ஒவ்வொரு வரியையும் படிச்சுக் காட்டணும், அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லணும். எல்லா ஆஃபரையும் கொண்டுவந்து, ஆனா புரியாத மாதிரி கொண்டுவந்தா அதுவும் மறைச்சதுக்குச் சமம்தான்.

செத்தாப்பாக் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நீங்க எழுதினதை எல்லாம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கமிஷன் கணக்கைக் கேட்டதும் அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "எழுதிக் கேளு"னாங்க.

பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன மாதிரி கம்பெனியோட ஏஜென்டுக்கு எழுதினேன், இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் வந்த எல்லா ஆஃபரையும் எழுத்துல அனுப்புங்க, யார் மூலமா வந்துச்சுனும் போடுங்கனு. அவர் அன்னைக்கே போன் பண்ணி வருத்தம் தெரிவிச்சாரு, ரெண்டு ஃபார்மையும் அனுப்பிட்டாரு. 585 ஆஃபர்ல முதல் வீடு, 90% லோன், 2% செக் காப்பியும் சேத்து இருந்துச்சு. லோன் கிடைக்காதுனு சொன்னதுக்கு எந்த ஆதாரமும் அதுல இல்ல. 560 ஆஃபர் காஷ்தான், உண்மைதான்.

560 ஆளு யாருனும் கேட்டேன். அவர் வீடு வாங்கி ரிப்பேர் பண்ணித் திரும்ப விக்கிறவராம், எங்க நெகோஷியேட்டர்தான் அவருக்கு வழக்கமா வீடு பாத்துக் கொடுப்பாராம், திரும்ப விக்கும்போதும் அவர்கிட்டயே கொடுப்பாராம். இதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இப்ப ரெண்டு கேள்வி இருக்கு. இந்த கம்பெனியோடயே தொடரலாமா? போர்டுக்கு கம்ப்ளெயின் பண்ணனுமா? அம்மாவுக்கு அந்தத் தம்பி மேல கோவம் இருக்கு, ஆனா அவன் பொழப்பு போயிருமோனும் பயப்படுறாங்க.

பட்டர்வொர்த் ஏஜென்ட்:

அப்ப அவருக்கு வர வேண்டியது ஒரு கமிஷன் இல்ல தங்கச்சி, இந்த விலைக்கு வித்தா ஒண்ணு, அந்த ஆளு திரும்ப விக்கும்போது இன்னொண்ணு. அம்மா வீட்டை எவ்வளவு குறைச்சு வாங்குறாங்களோ அந்த ஆளுக்கு அவ்வளவு லாபம், அந்த ஆளு லாபம் பாத்தா அடுத்த வீட்டுக்கும் இவரைத்தான் கூப்பிடுவாரு. இப்படி ஒரு உறவு இருந்தா முதல் நாளே "இந்த வாங்குறவரு என் வழக்கமான கஸ்டமர்"னு சொல்லணும். சொல்லிட்டு, "அதனால நான் சொல்ற விலைக் கருத்தை வேற ஒருத்தர்கிட்டயும் கேட்டுக்குங்க"னு சேத்துச் சொல்ற ஏஜென்டுங்களும் இருக்காங்க, அவங்களை எனக்குத் தெரியும்.

தொடரலாமானு கேட்டீங்க. எக்ஸ்க்ளூசிவ் எதுவும் சைன் போடலனா உங்களுக்கு கட்டாயம் இல்ல. ஆனா 585 ஆஃபர் அந்த கம்பெனி மேஜையில உக்காந்திருக்கு, அவங்களைத் தாண்டி நேரா வாங்குறவங்ககிட்ட போனா கமிஷன் தகராறு வரும், அது வேண்டாம். அந்த ஏஜென்ட் அன்னைக்கே ஃபார்ம் அனுப்பினது நல்ல அடையாளம். அவர்கிட்டயே சொல்லுங்க, இனிமே இந்த பைலை நெகோஷியேட்டர் தொடக் கூடாது, நீங்களே பாருங்கனு.

கம்ப்ளெயின் விஷயத்துல என் கருத்தை ஒளிக்காம சொல்றேன், போர்டுக்கு எழுதுங்க. அவன் பொழப்பு பத்தி அம்மா கவலைப்படுறது அவங்க பெரிய மனசு. ஆனா அடுத்த தடவை அவன் பழம் வாங்கிட்டுப் போற வீட்டுல மகள் பக்கத்துல இருப்பாளா, பக்கத்து வீட்டு ஆண்டி போன் பண்ணுவாங்களானு யாருக்கும் தெரியாது. போர்டு ரெண்டு பக்கமும் விசாரிச்சுத்தான் முடிவு எடுக்கும், உங்க ஒரு கடுதாசியால யார் தலையும் உருளாது. ஃபார்ம், வாட்ஸ்அப், நீங்க எழுதின கடிதம் எல்லாத்தையும் காப்பி எடுத்து வைங்க.

கெப்போங் பையன்:

அக்கா, டேக்ல இருக்கிற நம்பரை போர்டு வெப்சைட்ல போட்டுப் பாருங்க, கம்பெனி பேரு சரியா வருதானு. டேக்கே இல்லாம வேலை செய்றவங்களும் இருக்காங்க, அவங்க மேல போர்டு கேஸ் போட்டா 3 லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்கூட. உங்க ஆளு உண்மையான டேக்தான்னு நினைக்கிறேன், இருந்தாலும் பாத்துடுங்க.

பட்டர்வொர்த் அண்ணே, அந்த ஒரு வரி மெசேஜ் விஷயத்தை நேத்திலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். முதல் மெசேஜுக்கே ஒரு ஓனர் "520க்கும் யோசிக்கிறேன் தம்பி, வரச் சொல்லு"னு பதில் போட்டாரு, அவர் 550க்குக் கீழ வேணாம்னு முன்னாடி சொன்னவரு.

பிரிக்பீல்ட்ஸ் லோயர் ஆபீஸ்:

அக்கா, அம்மா 585ஐத்தான் எடுக்கப்போறாங்கனா சைன் போடுறதுக்கு முன்னாடி மூணு இடத்தை மட்டும் பாருங்க. லோன் கிடைக்கலனா டெபாசிட் திருப்பிக் கொடுக்கணுமா, எத்தனை நாளுக்குள்ள பேங்க் லெட்டர் காட்டணும்னு இருக்கா. எஸ்பிஏ சைன் போட வேலை நாள் 14னு போட்டிருக்கா, இல்ல காலியா விட்டிருக்கா, காலியா இருந்தா நீங்களே எழுதுங்க. அப்புறம் ஓனர் பின்வாங்கினா என்ன ஆகும்ங்கிற வரி. வாங்குறவங்களோட லோயர் அவங்களுக்குத்தான் வேலை செய்வாரு, அம்மாவுக்குனு தனியா ஒரு லோயர் வைங்க, பீஸ் மிச்சம்னு ஒரே லோயரை வச்சுக்காதீங்க.

560 ஆளுக்கும் ஒரு பதில் போகணும், ஏஜென்ட் மூலமா, எழுத்துல, மரியாதையா. அவர் காஷ் விலையை ஏத்தி வந்தா அதையும் அம்மாகிட்ட காட்டச் சொல்லுங்க.

செத்தாப்பாக் மகள்:

ஏத்திட்டாரு. இன்னைக்குக் காலையில 572 ஆயிரம், காஷ், ஏஜென்ட் வந்த உடனேயே அனுப்பிட்டாரு. அம்மா இப்ப ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு இருக்காங்க, நான் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லிட்டு இருக்கேன். பேங்க் லெட்டர் எப்ப காட்டுவாங்கனு 585 ஆளுங்ககிட்ட கேட்டிருக்கோம், அது வந்த பிறகுதான் சைன். போர்டுக்குக் கடிதம் எழுதியாச்சு, அம்மாவும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு சைன் போட்டாங்க.